விகடகவியைத் திருப்பத் தெரியுமா சி மொழிக்கு?

சி மொழி படிக்கும் மாணவர் எவரும் இந்தக் கணக்கைச் செய்யாமல் தப்ப முடியாது: ஒரு ஸ்ட்ரிங்கை வாங்கி, அதைக் கடைசியிலிருந்து முதலுக்குத் திருப்பிக் கொடுக்க ஒரு ஃபங்ஷன் எழுது. கல்லூரி ஆய்வகத்தில் தொடக்கத்திலேயே இது வந்துவிடும். படிப்பு முடிந்து வேலைக்கான நேர்காணலுக்குப் போனால் அங்கேயும் கேட்பார்கள். விடை பத்து வரியைத் தாண்டாது. ஆனாலும் இத்தனை ஆண்டுகளாக இந்தக் கேள்வி நிலைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. பாடநூல்கள் சரம் என்று சொல்லும் இந்த ஸ்ட்ரிங், நினைவகத்தில் எப்படி இருக்கிறது? அது எங்கே முடிகிறது? அதை மாற்ற நமக்கு அனுமதி உண்டா? அதில் ஓர் எழுத்து என்பது எது? இந்த நான்கும் தெரிகிறதா என்பதை அந்தப் பத்து வரிகள் காட்டிக்கொடுத்துவிடும். முதல் மூன்றையும் நம் வகுப்பறைகளில் சொல்லித்தருகிறார்கள். நான்காவது பெரும்பாலும் விட்டுப்போகிறது. தமிழில் எழுதுகிறவர்களுக்கு மிகவும் வேண்டியது அந்த நான்காவதுதான்.

திருப்ப வேண்டிய தேவை

இது வெறும் பயிற்சிக்காகப் புனைந்த கணக்கு அல்ல. பிரையன் கெர்னிகனும் டென்னிஸ் ரிட்சியும் 1978-இல் வெளியிட்ட ‘தி சி புரோகிராமிங் லாங்குவேஜ்’ நூலிலேயே இந்த ஃபங்ஷன் வருகிறது. அங்கே அதற்கு ஒரு வேலையும் இருக்கிறது. கணினி 4721 என்ற எண்ணைத் திரையில் காட்ட வேண்டுமானால் அதை இலக்கங்களாகப் பிரிக்க வேண்டும். 10-ஆல் வகுத்தால் மீதி 1, ஈவு 472. மறுபடி வகுத்தால் மீதி 2, ஈவு 47. அடுத்து 7, கடைசியில் 4. இலக்கங்கள் 1, 2, 7, 4 என்று பின்னாலிருந்தே கிடைக்கின்றன. கிடைத்த வரிசையிலேயே எழுதிக்கொண்டு, முடிந்ததும் மொத்தத்தையும் திருப்பிவிடுவதே எளிய வழி என்று அந்த நூல் காட்டியது.

மரபணுவியலிலும் இதே வேலை உண்டு. டிஎன்ஏவின் இரு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. ஓர் இழையின் எழுத்து வரிசை தெரிந்தால், அதைத் திருப்பி, ஒவ்வோர் எழுத்துக்கும் அதன் இணையைப் போட்டு மற்ற இழையைப் பெறுகிறார்கள். சொற்களை ஈற்றெழுத்தின்படி அடுக்கவும் திருப்புதல் உதவும். ஒவ்வொரு சொல்லையும் திருப்பி அகரவரிசைப்படுத்தினால், ஒரே விகுதியில் முடியும் சொற்கள் ஒன்றாகச் சேர்ந்துவிடும். வேற்றுமை உருபும் விகுதியும் சொல்லின் கடைசியில் ஒட்டிக்கொள்ளும் தமிழுக்கு இது மிகவும் பொருந்தும்.

பூஜ்யத்தில் முடியும் வரிசை

சி மொழியில் ஸ்ட்ரிங் என்று தனியாக ஒரு தரவு வகை கிடையாது. நினைவகத்தில் அடுத்தடுத்து இருக்கும் பைட்டுகளின் வரிசையும், அதன் கடைசியில் மதிப்பு 0 உள்ள ஒரு பைட்டும் சேர்ந்தால் அதுவே ஸ்ட்ரிங். ‘4721’ என்று மேற்கோள் குறிக்குள் எழுதினால் நினைவகத்தில் 52, 55, 50, 49, 0 என்ற ஐந்து எண்கள் வரிசையாக அமையும். 4 என்ற இலக்கத்துக்கு ஆஸ்கி அட்டவணையில் 52, 7-க்கு 55, 2-க்கு 50, 1-க்கு 49. கடைசியில் உள்ள 0 ‘இங்கே முடிந்தது’ என்ற அடையாளம்.

இந்த ஏற்பாடு ஆராய்ந்து எடுத்த முடிவு. சி மொழிக்கு முன்னோடியான பிசிபிஎல் மொழியை உருவாக்கியவர் மார்ட்டின் ரிச்சர்ட்ஸ். அதில் ஸ்ட்ரிங்கின் முதல் பைட்டிலேயே நீளத்தைக் குறித்துவைப்பார்கள். ஒரு பைட்டில் 255-க்கு மேல் எழுத முடியாதாகையால் ஸ்ட்ரிங்கின் நீளத்துக்கும் அதுவே எல்லையாகிவிடும். பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் உருவாக்கிய பி மொழி இதை மாற்றி, முடிவில் ஓர் அடையாளம் வைத்தது. ரிட்சியின் சி மொழியும் அதையே தொடர்ந்தது. 1993-இல் சி மொழியின் வரலாற்றை எழுதியபோது ரிட்சி இரண்டு காரணங்களைச் சொன்னார்: நீளத்துக்கு வரம்பு இல்லாமல் போகிறது, எண்ணிக்கையைச் சுமந்துகொண்டிருப்பதைவிட முடிவில் ஓர் அடையாளம் வைப்பது வசதியாகவும் இருந்தது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. நீளம் தெரிய வேண்டுமானால் முதல் பைட்டிலிருந்து 0 வரும்வரை நடந்தே தீர வேண்டும். திருப்புவதற்குக் கடைசி எழுத்து எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். அதனால் முதல் வேலை எப்போதும் அந்த நடைதான்.

இரு முனையிலிருந்தும்

கடைசி எழுத்தைக் கண்டுபிடித்த பிறகு வேலை எளிது. இடது முனையில் ஒரு குறியீட்டெண், வலது முனையில் ஒன்று. இரண்டு இடங்களிலும் உள்ள பைட்டுகளை இடம் மாற்றுகிறோம். பிறகு இடதை ஒன்று கூட்டி, வலதை ஒன்று குறைக்கிறோம். இடது வலதைவிடச் சிறியதாக இருக்கும்வரை இதைத் தொடர்கிறோம். 4721 முதல் மாற்றத்தில் 1724 ஆகும், இரண்டாவதில் 1274 ஆகும். அவ்வளவுதான். ஒற்றைப்படை நீளமானால் நடு எழுத்து இருந்த இடத்திலேயே இருக்கும். பத்து லட்சம் எழுத்து இருந்தால் ஐந்து லட்சம் மாற்றங்கள் போதும். இரு குறியீட்டெண்களைத் தவிர, கூடுதலாகத் தேவைப்படும் நினைவகம் ஒரே ஒரு பைட்.

இதில் எங்கே தவறலாம் என்று பார்த்தால்தான் சி மொழியின் இயல்பு புரியும். லூப்பைப் பாதியில் நிறுத்தாமல் முழு நீளத்துக்கும் ஓட்டினால் ஒவ்வொரு ஜோடியும் இரண்டு முறை இடம் மாறி, 4721 மறுபடி 4721 ஆகவே நிற்கும். கடைசி இடத்தைக் கணக்கிடும்போது நீளத்திலிருந்து ஒன்றைக் கழிக்க மறந்தால், முடிவு அடையாளமான 0 முதல் இடத்துக்கு வந்துவிடும். பைட்டுகள் எல்லாம் நினைவகத்தில் பத்திரமாக இருந்தாலும் திரையில் ஒன்றும் வராது. தொடங்கிய இடத்திலேயே ஸ்ட்ரிங் முடிந்துவிட்டது என்று கணினி எடுத்துக்கொள்ளும்.

தற்காலிக மாறி இல்லாமல், எக்ஸ்ஆர் செயற்குறியால் இரண்டு மதிப்புகளை இடம் மாற்றும் உத்தியைச் சிலர் விரும்பிக் கையாள்வார்கள். இடது வலதுக்குச் சமமாகும்போதும் லூப் ஓடும்படி எழுதியிருந்தால், நடு எழுத்து தன்னோடு தானே எக்ஸ்ஆர் ஆகி 0 ஆகிவிடும். சி மொழியில் 0 என்றால் முடிவு. 472-ஐத் திருப்பினால் 274 வர வேண்டிய இடத்தில் 2 மட்டும் வரும்.

வெற்று ஸ்ட்ரிங் இன்னொரு சோதனை. அதன் நீளம் 0. ஒன்றைக் கழித்தால் -1. குறியீட்டெண்ணைச் சாதாரண முழு எண்ணாக வைத்திருந்தால் 0 என்பது -1-ஐவிடச் சிறியது அல்ல. லூப் ஓடவே ஓடாது. ஆனால் குறை எண்களை ஏற்காத வகையில் வைத்திருந்தால் 64 பிட் கணினியில் அந்தக் கழித்தலின் விடை 18446744073709551615. நிரல் தனக்குச் சொந்தமில்லாத நினைவகத்துக்குள் புகுந்துவிடும்.

யாருடைய நினைவகம்?

ஸ்ட்ரிங்கை இருந்த இடத்திலேயே திருப்ப வேண்டுமானால் அந்த இடத்தில் எழுத அனுமதி வேண்டும். மேற்கோள் குறிக்குள் உள்ள சொல்லை ஓர் அரேக்குத் தொடக்க மதிப்பாகக் கொடுத்தால், நிரலுக்கென்று ஒரு நகல் கிடைக்கிறது, அதை மாற்றலாம். அதே சொல்லை ஒரு பாயிண்டர் சுட்டும்படி வைத்தால் நகல் எதுவும் கிடையாது. அந்தச் சொல்லை மாற்ற முயன்றால் என்ன நடக்கும் என்பதை சி மொழியின் தரநிலை வரையறுக்கவில்லை. லினக்ஸில் பெரும்பாலும் அது படிக்க மட்டுமே அனுமதியுள்ள பகுதியில் இருப்பதால் ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ என்று நிரல் நின்றுவிடும். இரண்டு அறிவிப்புகளுக்கும் எழுத்தளவில் உள்ள வேறுபாடு ஒரு நட்சத்திரக் குறியும் ஒரு ஜோடிச் சதுர அடைப்பும்தான். செயலில் உள்ள வேறுபாடு மிகப் பெரிது.

டர்போ சியில் பழகியவர்கள் ‘ஸ்டர்ரெவ்’ என்ற ஆயத்த ஃபங்ஷனை அறிவார்கள். அது போர்லாண்ட், மைக்ரோசாஃப்ட் கம்பைலர்கள் தந்த வசதி. சி மொழியின் தரநிலையில் அது இல்லை. லினக்ஸில் வழக்கமான ஜிசிசி கம்பைலருக்குக் கொடுத்தால் அப்படி ஒரு ஃபங்ஷன் இல்லை என்றே பதில் வரும்.

தமிழைக் கொடுத்துப் பார்த்தால்

எண்களிலும் ஆங்கிலச் சொற்களிலும் பழுதில்லாமல் ஓடும் இந்த நிரலுக்கு ‘விகடகவி’ என்ற சொல்லைக் கொடுப்போம். வி, க, ட, க, வி என்று எந்தப் பக்கமிருந்து படித்தாலும் அதே சொல். ஆகவே திருப்பினாலும் விகடகவியே வர வேண்டும். வருவதோ கேள்விக்குறி பொறித்த கட்டங்களின் குவியல்.

ஏன் என்று தெரிய, பைட்டுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இன்று கோப்புகளிலும் இணையத்திலும் தமிழ் பெரும்பாலும் யூடிஎஃப்-8 முறையில் இருக்கிறது. 1992 செப்டம்பரில் நியூ ஜெர்சியில் ஓர் உணவகத்தில் கென் தாம்சன், ராப் பைக்குடன் அமர்ந்து மேசையில் விரிக்கும் தாளில் வரைந்த முறை அது. ஆஸ்கி எழுத்துகள் பழையபடி ஒரே பைட்டில் இருக்கும். மற்றவை இரண்டு முதல் நான்கு பைட் வரை எடுக்கும். பல பைட் கொண்ட எழுத்துக்குள் 0 ஒருபோதும் வராது. அதனால்தான் சி மொழியின் பழைய ஃபங்ஷன்கள் தமிழ் ஸ்ட்ரிங்கைக்கூடப் பிழையில்லாமல் நகலெடுக்கின்றன, ஒன்றோடொன்று ஒட்டுகின்றன. திருப்பும்போதுதான் சிக்கல்.

யூனிகோடில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள். அவை எல்லாமே யூடிஎஃப்-8-இல் மூன்று பைட்டுகள். முதல் பைட் எப்போதும் 224. ‘வ’ என்பது 224, 174, 181. ‘க’ என்பது 224, 174, 149. ‘ட’ என்பது 224, 174, 159. ‘வி’ தனி எழுத்தாக இல்லை. ‘வ’வும், 224, 174, 191 என்ற கொக்கிக் குறியும் சேர்ந்தது. ஆக, விகடகவி நமக்கு 5 எழுத்து, யூனிகோடுக்கு 7 குறியீடு, சி மொழிக்கு 21 பைட்.

நம் நிரல் இந்த 21 பைட்டுகளையும் திருப்பிவிட்டது. இப்போது வரிசை 191, 174, 224, 181, 174, 224, 149, 174 என்று தொடங்குகிறது. 191-உம் 174-உம் ஓர் எழுத்தின் நடுவிலும் கடையிலும் மட்டுமே வரக்கூடியவை. முதலில் நின்றால் அவற்றுக்குப் பொருள் இல்லை. அடுத்து வரும் 224, 181, 174 தற்செயலாக ஒரு செல்லுபடியான எழுத்தாகிறது: மலையாள எண் எட்டு. அதற்கடுத்த 224, 149, 174 செல்லாது, ஏனென்றால் 224-ஐ அடுத்து 160-க்குக் குறைந்த பைட் வரக்கூடாது. இப்படியே போய், இன்னொரு மலையாள எட்டும், திபெத்திய எழுத்துப் பகுதியில் இன்னும் எதற்கும் ஒதுக்கப்படாத ஓர் இடமும் வருகின்றன. தமிழ்ச் சொல்லில் தமிழ் எழுத்து ஒன்றுகூட மிஞ்சவில்லை.

இரண்டாவது சுவர்

சரி, பைட்டுகளை விட்டுவிட்டுக் குறியீடுகளைத் திருப்பலாம் என்று தோன்றும். சி மொழியில் ‘வைட் கேரக்டர்’ என்ற அகன்ற வகை உண்டு. ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் அதில் முழுதாக அடங்கும். இப்போது விகடகவியின் ஏழு குறியீடுகளும் திரும்புகின்றன: முதலில் கொக்கி, பிறகு வ, க, ட, க, கொக்கி, வ. முதல் கொக்கிக்குப் பற்றிக்கொள்ள மெய் இல்லாததால் அது தனியே தொங்கும். இரண்டாவது கொக்கி முன்னால் உள்ள ககரத்தைப் பிடித்துக்கொள்ளும். ‘வகடகிவ’ என்று படிக்க நேரும். விகடகவி இருபுறமும் ஒத்த சொல்லா என்று சோதிக்கும் நிரல், இல்லை என்றே சொல்லும். ஞானசம்பந்தரின் திருமாலைமாற்றுப் பதிகத்தைக் கொடுத்தாலும் அதே தீர்ப்புத்தான். எழுத்து எழுத்தாக முன்னும் பின்னும் ஒன்றாக ஓடும்படி அவர் பாடியதைக் குறியீடு குறியீடாகப் படிக்கும் கணினியால் காண முடியாது.

இந்த அமைப்பு யூனிகோடின் தொடக்கத்திலேயே வந்தது. 1988-இல் இந்திய மொழிகளுக்கென வந்த இஸ்கி தரநிலையை அடியொற்றி, 1991-இல் யூனிகோடின் முதல் பதிப்பில் தமிழ் இடம்பெற்றது. அகரமேறிய மெய்க்கு ஒரு குறியீடு, அதை மாற்றும் உயிர்க்குறிக்கு ஒன்று, புள்ளிக்கு ஒன்று என்பது அதன் முறை. ‘கொ’ திரையில் கொம்பும் ககரமும் காலுமாகத் தெரிந்தாலும், நினைவகத்தில் ககரம் முதலில்தான் இருக்கும். குறி அதன் பின்னால் வரும். அந்தக் குறியும் ஒரே குறியீடாக இருக்கலாம், கொம்பும் காலும் தனித்தனி என்று இரண்டாகவும் இருக்கலாம். இரண்டும் ஒன்றே என்று யூனிகோட் விதிக்கிறது. தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடுடன் சேர்த்து டேஸ்-16 என்ற முறையையும் ஏற்றது. அதில் ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனிக் குறியீடு இருப்பதால் திருப்புவது எளிது. ஆனால் உலகெங்கும் புழங்குவது யூனிகோட் தமிழ்தான். நம் நிரல்களும் அதற்கே எழுதப்பட வேண்டும்.

இரண்டு முறை திருப்பு

இதற்குத் தீர்வு உண்டு, அதுவும் அழகான தீர்வு. திருப்பும் லூப்பில் ஒரு வரியையும் மாற்ற வேண்டாம். ஸ்ட்ரிங்கில் ஒவ்வொரு முழுத் தமிழ் எழுத்தும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்து, முதலில் அந்த எழுத்துக்குள் இருக்கும் பைட்டுகளை மட்டும் திருப்ப வேண்டும். எல்லா எழுத்துக்கும் இப்படிச் செய்த பிறகு, மொத்த ஸ்ட்ரிங்கையும் ஒரு முறை திருப்ப வேண்டும். இரண்டாவது திருப்பலில் எழுத்துகளின் வரிசை மாறுகிறது. எழுத்துக்குள் இருந்த பைட்டுகள் இரண்டு முறை திரும்பிவிட்டதால் பழைய வரிசைக்கே வந்துவிடுகின்றன. விகடகவியின் முதல் ‘வி’ 224, 174, 181, 224, 174, 191 என்ற ஆறு பைட். முதலில் 191, 174, 224, 181, 174, 224 ஆகி, பிறகு மொத்தத்தோடு திரும்பும்போது சிதையாமல் கடைசி இடத்துக்குப் போய்ச் சேரும். கடைசியில் இருந்த ‘வி’ அதேபோல் முதலுக்கு வரும். விடை விகடகவி.

இந்த இரட்டைத் திருப்பல் உத்திக்கு நீண்ட வரலாறு உண்டு. ஒரு வாக்கியத்தின் சொற்களை மட்டும் வரிசை மாற்ற வேண்டுமானாலும் இதுவே வழி. ஓர் அரேயின் முன்பகுதியையும் பின்பகுதியையும் இடம் மாற்ற இதைப் பயன்படுத்துவதை ஜான் பென்ட்லி ‘புரோகிராமிங் பேர்ல்ஸ்’ நூலில் விளக்கினார். கென் தாம்சன் 1971-இலேயே தன் உரைத் தொகுப்பியில் இந்த உத்தியைக் கையாண்டதாகவும், அப்போதே அது நிரலாளர்களிடையே வாய்வழியாகப் பரவியிருந்ததாகவும் அதில் குறிப்பிடுகிறார். அதே தாம்சன் வகுத்த யூடிஎஃப்-8-ஐ அதே உத்தியால் திருப்ப முடிகிறது.

எழுத்தின் எல்லையைக் கண்டுபிடிப்பதும் கடினமல்ல. யூடிஎஃப்-8-இல் 128 முதல் 191 வரையுள்ள பைட் எதுவும் குறியீட்டின் தொடக்கமாக இருக்காது. அதை வைத்துக் குறியீட்டின் எல்லை தெரிந்துவிடும். அடுத்த குறியீடு 3006 முதல் 3021-க்குள் இருந்தாலோ 3031-ஆக இருந்தாலோ அது கால், கொம்பு, புள்ளி போன்ற சார்புக் குறி. முந்தைய எழுத்தோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலான தமிழ் உரைக்கு இந்த ஒரு விதி போதும். ‘க்ஷ’, ‘ஸ்ரீ’ இரண்டையும் பிரிக்காமல் ஓர் எழுத்தாகக் கொள்ள வேண்டுமானால் அவற்றுக்குத் தனி விதி எழுத வேண்டும். தமிழோடு பிற மொழிகளும் எமோஜியும் கலந்து வரும் உரையானால், இதற்கென்றே உள்ள ஐசியூ நூலகத்தைப் பயன்படுத்துவது நல்லது.

திருப்பலோடு முடியாத பிழை

விகடகவியை யாரும் தினமும் திருப்புவதில்லைதான். ஆனால் பைட்டை எழுத்தென்று நினைக்கும் அந்தப் பிழை, நிரல் ஸ்ட்ரிங்கை வெட்டும் இடத்திலெல்லாம் வரும். பெயருக்கு 20 பைட் ஒதுக்கிய ஒரு நிரலில் ‘முருகன்’ என்று உள்ளிட்டால், நாலே எழுத்துப் பெயர் அடங்காது. அது 21 பைட். முடிவு அடையாளத்துக்கு இன்னொன்று. 19 பைட்டில் வெட்டினால் னகரத்தின் புள்ளி பாதியில் அறுந்து, பெயர் ‘முருகன’ என்று நின்று, பக்கத்தில் ஒரு கேள்விக்குறிக் கட்டம் தோன்றும். அச்சிடும்போது நெடுவரிசைகள் கோணுவதும், ‘இத்தனை எழுத்துக்குள் எழுதவும்’ என்ற படிவம் தமிழுக்கு மட்டும் முன்கூட்டியே கதவடைப்பதும் பெரும்பாலும் இதே பிழையால்தான்.

ஆசிரியர்களே, ஆய்வகத்தில் இந்தக் கணக்கைக் கொடுக்கும்போது வெற்று ஸ்ட்ரிங், ஒற்றை எழுத்து, இரட்டைப்படை நீளம், ஒற்றைப்படை நீளம் ஆகியவற்றோடு ஒரு தமிழ்ச் சொல்லையும் சோதனை உள்ளீடாகச் சேருங்கள். மாணவர்களே, ஆங்கிலச் சொல்லுக்குச் சரியான விடை வந்ததும் நிறுத்திவிடாமல் உங்கள் பெயரைத் தமிழில் கொடுத்துப் பாருங்கள். தமிழில் பிழையின்றி ஓடாத நிரல், தமிழர் பயன்படுத்தும் இடத்தில் இன்னும் எழுதி முடிக்கப்படாத நிரல்தான்.